பழைய மரப் போர்ப்படகை மீட்பது: முதலில் வடிவம், அப்புறம்தான் பலகை

பழைய மரப் போர்ப்படகு ஒன்று கிடைத்துவிட்டால் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். பெயின்டைச் சுரண்டலாமா, இற்றுப்போன பலகையைப் பிடுங்கலாமா, எஞ்சினை வெளியே எடுக்கலாமா என்று நிற்பார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, இப்போதைக்கு எதையும் கழற்றாதீர்கள் என்பதுதான். பலகையை மாற்றிவிடலாம். வங்கை, அதாவது விலா எலும்பு போல நிற்கும் குறுக்குச் சட்டத்தைப் புதிதாகச் செய்துவிடலாம். எஞ்சினை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துவிடலாம். படகின் வடிவம் போனால் போனதுதான். நான் தச்சுவேலை செய்பவன், குழுவில் படகின் உடலைப் பார்த்துக்கொள்பவன். அதனால் இந்தக் குறிப்பிலும் உடலைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

தண்ணீரில் இருக்கும்போது படகை நீளம் முழுக்கத் தண்ணீர் தாங்குகிறது. கரையில் ஏற்றினால் நாலைந்து கட்டைகள் தாங்குகின்றன. வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் அணியமும் (முன்முனை) பின்முனையும் தொங்கி, நடுப்பகுதி முதுகு தூக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) பக்கவாட்டில் லேசர் மட்டத்தை வைத்து, ஒவ்வொரு வங்குக்கு நேரேயும் கோட்டுக்கும் ஏராவுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். இழுத்துக் கட்டிய நூலும் உதவும், ஆனால் நீளம் கூடினால் நூல் தொய்ந்து பொய் சொல்லும். அளவைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நாட்டுக் கடற்படை ஆவணக் காப்பகங்களில் வரைபடங்கள் இருக்கின்றன; கேட்டு வாங்க நாளாகும், அதனால் முதல் வாரமே எழுதிப் போடுங்கள்.

தொங்கியிருந்தால் ஏராவின் அடியில் நெருக்கமாகக் கட்டைகள் கொடுத்து, ஜாக்கி வைத்து, சில மில்லிமீட்டர் ஏற்றிவிட்டுப் பல நாள் விட்டுவிடுங்கள். மரம் தானாக இறங்கி வரட்டும், அப்புறம் அடுத்த சில மில்லிமீட்டர். எஞ்சினையோ மேல்தளத்தையோ எடுக்கும் முன் உள்ளே குறுக்கும் நெடுக்கும் சட்டங்கள் அடித்து உடலைக் கட்டிப்போடுங்கள். அந்தப் பாரமும் தளமும்தான் அதுவரை உடலைப் பிடித்து வைத்திருக்கின்றன.

அடுத்து இற்றுப்போன இடங்கள். உப்புத் தண்ணீர் மரத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மேலிருந்து ஒழுகும் மழைத் தண்ணீர்தான் கெடுக்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிற்கும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் தளமும் பக்கப்பலகையும் சேரும் மூலை, பின்முனைப் பலகையின் உள்பக்கம், எஞ்சினைத் தாங்கும் உத்தரங்களின் அடி, இவற்றை முதலில் பாருங்கள். சுத்தியலின் மரக் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், இற்ற மரம் தொம்மென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் குத்தூசியை அழுத்திப் பார்த்துச் சாக்பீசால் வட்டம் போடுங்கள். வட்டம் போட்டதும் ஒரு போட்டோ.

பித்தளைத் திருகாணிகளை நம்பவே நம்பாதீர்கள். வெளியே தலை பளபளவென்று இருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, விரலால் ஒடிக்கும் அளவுக்குச் சொத்தையாகியிருக்கும். கடல்நீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் விட்டுவைத்ததன் அடையாளம் அது. ஒவ்வொரு பகுதியிலும் சில திருகாணிகளைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பலகையின் தலைவிதியை முடிவு செய்ய வேண்டும். புதிதாகப் போடும்போது சிலிக்கன் வெண்கலம் போடுங்கள், அல்லது வாஷர் போட்டு அடிக்கும் செம்பு ஆணி. நீர்மட்டத்துக்குக் கீழே ஈர மரத்துக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம். காற்றுப் படாத இடத்தில் அதுவும் அரித்துப் போகும், வெளியே தெரியவும் தெரியாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வேகப்படகுகள் பலவற்றை மக்கள் பிளைவுட் படகுகள் என்றே சொல்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் பி.டி. படகுகளின் (டார்பிடோ ஏந்திய ரோந்துப் படகுகள்) பக்கம் பிளைவுட் அல்ல; மகோகனிப் பலகைகள் இரண்டு அடுக்காக ஓடும், நடுவில் பசை ஊறிய துணி. இந்த அமைப்புக்குக் கலப்பத்து வேலை, அதாவது பலகை இடைவெளியைப் பஞ்சால் அடைக்கும் வேலை, கிடையவே கிடையாது. ஒற்றை அடுக்குப் பலகைப் படகில் பழகியவர்கள் ஆர்வத்தில் இடைவெளியில் பஞ்சை அடித்துச் செருகிவிடுவார்கள். அது இரண்டு அடுக்கையும் பிளந்துவிடும், முதல் வேலையாக அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். உள் அடுக்கு இற்றிருந்தால் வெளி அடுக்கை அதைவிட அகலமாகக் கழற்ற வேண்டும். இரண்டு அடுக்கின் இணைப்புகளும் ஒரே இடத்தில் விழக்கூடாது. பலகையை நீளத்தில் சேர்க்கும்போது இரு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒட்டுங்கள். பலகையின் கனத்தைப் போல எட்டு மடங்காவது அந்தச் சாய்வு நீள வேண்டும். நான் பன்னிரண்டு மடங்கு விடுவேன்.

ஒழுகலை மறைக்க மொத்தப் படகுக்கும் ஃபைபர்கிளாஸ் போர்த்தலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

பழைய பாகங்களுக்கு வருவோம். பாகம் தேட நல்ல இடம், மீட்கவே முடியாத நிலையில் கிடக்கும் அதே வகைப் படகு. போருக்குப் பின் இவை மீன்பிடிப் படகாகவும் வீட்டுப் படகாகவும் போயின. இப்போது நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் பி.டி. 305 சிப்பி எடுக்கும் படகாக வேலை செய்தது, நீளத்தையே வெட்டிக் குறைத்திருந்தார்கள். 2007-இல் அங்குள்ள இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகத்துக்கு வந்து, தன்னார்வலர்கள் கையால் பழைய நீளத்துக்குத் திரும்பியது. வெட்டிய படகே இப்படி மீளும்போது, துண்டு துண்டாகக் கிடக்கும் பாகங்களை அலட்சியம் செய்ய முடியுமா?

கிடைத்த பாகங்களை இரண்டாகப் பிரியுங்கள். தண்ணீரை வெளியே நிறுத்துபவையும் பாரம் தாங்குபவையும் ஒரு பக்கம்: அடிவால்வு (படகின் அடியிலுள்ள கடல்நீர்த் துளையை மூடுவது), சுக்கான் தண்டு, புரொப்பல்லரைத் தாங்கும் பிராக்கெட். இவற்றை அழுத்தச் சோதனை, விரிசல் காட்டும் சாயச் சோதனை முடியாமல் பொருத்தக்கூடாது. மணி, விளக்குக் கூடு, அளவுமானி, கைப்பிடி மறுபக்கம், தாராளமாகப் போடுங்கள். பழைய மின்கம்பியை மட்டும் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம். பழைய கூட்டுக்குள் புதுக் கம்பி ஓடட்டும். பயன்படாத பாகமும் வீணில்லை, அதை அச்சாக வைத்துப் புதியதை வார்க்கலாம்.

கழற்றும் ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டுங்கள்: இடதா வலதா, எத்தனையாவது வங்கு, எந்தப் பக்கம் மேலே இருந்தது, யார் கழற்றியது. காகித அட்டை நனைந்து போகும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதினால் நிற்கும்.

தன்னார்வலர்களில் தச்சு தெரிந்தவர் குறைவாகத்தான் இருப்பார்கள். பரவாயில்லை. வருபவரிடம் ஒரே நாளில் முடிந்து கண்ணுக்குத் தெரியும் வேலையைக் கொடுங்கள். மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டே இருக்கச் சொன்னால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று சோடி சேர்த்தால் அடுத்த வருடம் தெரிந்தவர்கள் கூடுவார்கள். கடற்படையில் இருந்தவர்கள் வந்தால் வேலை வாங்குவதைவிடப் பேச விடுவது முக்கியம். ஒரு பெரியவர் எஞ்சின் அறையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வால்வு இருந்த இடத்தைக் கையாலேயே காட்டினார். வரைபடத்தில் அது இல்லை. அங்கே பெயின்டைச் சுரண்டினால் நாலு ஆணித் துளைகள். உடனே பதிவு செய்துகொண்டோம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்: நனைத்துச் சுரண்டுங்கள், தூசிக்கான முகமூடி கட்டாயம், குழந்தைகள் அந்தப் பக்கமே வேண்டாம். புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சுற்று கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதை உரிமம் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும்.

இறக்கும் நாளில் படகைக் கிரேனின் பட்டையிலேயே தொங்கவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். காய்ந்த பலகை ஊறி இறுகும் வரை ஒழுகத்தான் செய்யும். கரையிலிருந்து மின்சாரம் வரும் பம்பு ஒன்று, பேட்டரியில் ஓடும் பம்பு ஒன்று, இரண்டும் தயாராக இருக்கட்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து ஒழுகும் இடங்களைக் குறித்துக்கொள்ளட்டும். ஒழுக்கு குறைந்தபின், எஞ்சினும் புரொப்பல்லர் தண்டும் சேரும் இணைப்பின் போல்ட்டுகளைக் கழற்றி, இரு முகங்களுக்கும் நடுவே சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். கரையில் எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும் தண்ணீரில் உடல் கொஞ்சம் மாறியிருக்கும். நாலு பக்கமும் ஒரே அளவு வரும் வரை எஞ்சினைச் சரிசெய்துவிட்டு இறுக்குங்கள். சில வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.