குடிக்கும் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கங்களில் இருக்கும் நம் வீடுகள் பலவற்றில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் சொந்தக் கிணறோ போர்வெல்லோதான் ஆதாரம். சொந்தக் கிணற்றைச் சோதிக்க யாரும் தேடி வரமாட்டார்கள். அது வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, உப்புக் கரிக்கவில்லை என்பதை வைத்து அது நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சித்தூர் வட்டத்துக் கிழக்குப் பகுதியின் நிலத்தடி நீரில் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு பல இடங்களில் மிகுதி. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆண்டுக்கு இரண்டு முறை சோதிப்பது நல்லது. நீர்மட்டம் இறங்கி உப்புகள் செறிந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இரசாயனச் சோதனையும், ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்து மேல்நீர் கிணற்றுக்குள் இறங்கிய பிறகு கிருமிச் சோதனையும் செய்ய வேண்டும்.

கேரள வாட்டர் அத்தாரிட்டியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு தனியார் கிணற்று நீரையும் சோதித்துத் தருகின்றன. முதலில் அங்கே சென்று, மாதிரி வாங்கும் நாளைக் கேட்டறிந்து, கிருமி நீக்கிய பாட்டிலையும் வாங்கி வர வேண்டும்.

முடிவு சரியாக வருவதும் தவறாக வருவதும் பெரும்பாலும் நாம் நீர் பிடிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. தொட்டி நீரை விட்டுவிட்டு, மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாயில் ஐந்து நிமிடமாவது நீரை ஓடவிட வேண்டும். இரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே நீரால் மூன்று முறை அலசி நிரப்பினால் போதும். கிருமிச் சோதனைப் பாட்டிலை மட்டும் அலசவே கூடாது. குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவி, மூடியைக் கீழே வைக்காமல் உட்புறம் கவிழ்ந்திருக்கும்படி விரல்களில் பிடித்துக்கொண்டு, பாட்டிலின் கழுத்தில் விரல் படாமல் நீர் பிடித்து, மேலே ஓர் அங்குலம் காலியாக விட்டு உடனே மூட வேண்டும். அதை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது.

அறிக்கையை ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தர நிர்ணயத்தோடு ஒப்பிடலாம். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் ஃபுளோரைடு 1.0-க்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. உரம், கழிவுகளிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது. மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஃபுளோரைடோ நைட்ரேட்டோ கூடுதலாக இருந்தால் கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் ஆவியாக ஆவியாக அவற்றின் செறிவு ஏறத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவியோ வேறு நீரோ தேவை. நைட்ரேட் மிகுந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கவே கூடாது, இதில் சமரசம் வேண்டாம்.

கிருமி இருந்தால், கழிவறைக் குழி கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்காவது அப்பால் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு வழக்கமான அளவு 2.5 கிராம், கிருமி கண்ட கிணற்றுக்கு 5 கிராம். மூன்று மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 28,000 லிட்டர் இருக்கும். அதற்கு 140 கிராம் ஆகும். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். குளோரின் வாடை முற்றிலும் அடங்கிய பிறகு, ஓரிரு வாரம் கழித்து, மறுபடியும் மாதிரி கொடுத்து, அந்த அறிக்கை வரும் வரை குடிநீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.