சோலைத் தளிர்களும் பழைய வைட் லென்ஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வைட் (அகலக் கோண) லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டிச் சிவந்த இலைகளைப் படமெடுக்க, வெளிநாட்டு இலையுதிர்காலப் படங்களைப் பார்த்துவிட்டு அக்டோபரில் கொடைக்கானலுக்குக் கிளம்புவதுதான் முதல் தவறு. அங்கே அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். நிறமும் இருக்காது. உயர்மலைப் புல்வெளிகளுக்கு நடுவே பள்ளங்களில் நிற்கும் சோலைக்காடு பசுமை மாறாக் காடு. ஒரேயடியாக இலையுதிர்த்து நிற்காது. அதன் செம்பும் சிவப்பும் பெரும்பாலும் தளிரின் நிறம். நாவல் இனங்கள், காட்டு லவங்க மரங்கள் துளிர்க்கும்போது இளம் இலையில் ஆந்தோசயனின் என்ற நிறமி ஏறியிருக்கும். இலை முற்ற முற்றப் பச்சை மேலோங்கிவிடும். பனிக்காலம் முடிந்து கோடைமழை இறங்குவதற்குள் ஊட்டிக்கோ கொடைக்கோ போனால் இது நிறையக் கிடைக்கும். சோலை விளிம்பு சாலையோரத்திலேயே தெரியும் இடங்கள் பல உண்டு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே நுழைய வேண்டாம்.

நிஜமான இலையுதிர்வுதான் வேண்டுமென்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை முதுமலை. ஆனால் புலிகள் காப்பகச் சாலையில் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. கார் ஜன்னலிலிருந்து வைட் லென்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்தது, "எல்லாம் அடங்கட்டும்" என்று எதிர்ச்சரிவை முழுதாக எடுப்பது. 28 மி.மீ. லென்ஸில் அந்தச் சிவப்பு மரங்கள் சிறு புள்ளிகளாகச் சுருங்கிவிடும். வைட் லென்ஸ் கிட்டே போவதற்கானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தளிர்க்கொத்துக்கு இரண்டு சாண் தூரத்தில் நில்லுங்கள். பின்னால் சோலையின் உருண்டு திரண்ட தலைகளும் புல்வெளியும் தாமாகவே படத்துக்குள் வந்துவிடும். அதனால் பழைய லென்ஸ் வாங்கும்போது எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகும் என்பதை முதலில் பாருங்கள். நிக்கோர் 28 மி.மீ. எஃப் 2.8 ஏஐ-எஸ் 20 செ.மீ. வரை போகும், பல பழைய லென்ஸ்கள் 30 செ.மீ.யிலேயே நின்றுவிடும். சென்சார் சிறியதாக, 1.5 மடங்கு கிராப் உள்ள கேமராவில் 28 மி.மீ. என்பது 42 மி.மீ. அளவுக்குத்தான் காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தளிரும் தூரத்து மலையும் ஒன்றாகக் கூர்மையாக வேண்டுமென்று லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 22க்குப் போகாதீர்கள். அந்தச் சிறு துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்க மழுங்கிவிடும். எஃப் 8 வைத்து இலையில் ஃபோகஸ் செய்யுங்கள். சோலை கொஞ்சம் கரைந்து நின்றாலும் அதன் உருவம் தெரியும்.

தளிர் எரிவதுபோல் தெரிவது வெயில் அதன் பின்னாலிருந்து வரும்போதுதான். பழைய லென்ஸ் திணறுவதும் அங்கேதான். பிரதிபலிப்பைக் குறைக்க ஒற்றைப் பூச்சு மட்டும் கொண்ட 1960களின் கண்ணாடியில் நேர் வெயில் பட்டால் உள்ளே ஒளி சிதறி, படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுத்து, சிவப்பு செத்துவிடும். முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். சூரியனை ஒரு அடிமரத்துக்குப் பின்னால் மறையுங்கள். சூரியன் ஃபிரேமுக்குச் சற்று வெளியே இருந்தால், கண்ணாடியில் நிழல் விழும்வரை உள்ளங்கையை மேலே கொண்டுவாருங்கள். திரையில் நிறம் திரும்பி வருவது கண்ணுக்கே தெரியும். வைட் லென்ஸ் என்பதால் விரல்நுனி மூலையில் நுழைந்திருக்கும், அதையும் பாருங்கள்.

இனி இயந்திரச் சங்கதிகள். திருகி மாட்டும் பழைய எம்42 லென்ஸ் பலவற்றில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். லென்ஸைக் கேமராவில் பொருத்தும் அடாப்டர், லென்ஸின் பின்புறமுள்ள சிறு குச்சியை அழுத்தாத வகையாக இருந்து, அது ஆட்டோவில் கிடந்தால், வளையத்தை எஃப் 8க்குத் திருப்பினாலும் துவாரம் முழுதாகத் திறந்தே இருக்கும். இன்னொன்று, அடாப்டர்கள் பலவும் ஒரு மயிரிழை ஒல்லியாகவே செய்யப்படுகின்றன. அதனால் ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் இன்ஃபினிட்டியை (வெகுதூரப் பொருளுக்கான ஃபோகஸ் நிலையை) தாண்டிப்போய்த் தூரத்து மரங்கள் மங்கும். திரையைப் பெரிதாக்கிப் பார்த்து நிறுத்துங்கள். கேமரா பாடிக்குள் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 28 என்று கையால் பதிவுசெய்யுங்கள்; லென்ஸ் தானாகச் சொல்லாது.

எக்ஸ்போஷரில் (படத்துக்குள் விடும் ஒளியின் அளவில்) மஞ்சுக்கு, அதாவது மலை மூடுபனிக்கு, ஒரு கணக்கு, தளிருக்கு ஒரு கணக்கு. வெள்ளை மஞ்சைக் கண்ட மீட்டர் படத்தைச் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்கு, கூட்டுங்கள். வெயில் ஊடுருவிய தளிரில் சிவப்புச் சேனல் மட்டும் வெடித்து, நரம்புகள் காணாமல் போகும். மொத்த ஹிஸ்டோகிராமை (வெளிச்ச வரைபடத்தை) நம்பாமல் சிவப்புச் சேனலின் வரைபடத்தைத் தனியாகப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

விடியற்காலைக் குளிரில் எடுத்துவிட்டு லென்ஸைக் கையில் பிடித்தபடியே சூடான அறைக்குள் நுழையாதீர்கள். உடனே நீர் கோக்கும். பூஞ்சைக்கு அந்த ஈரமே போதும். வெளியிலேயே பையில் வைத்து ஜிப்பை மூடி, உள்ளே வந்ததும் ஒரு மணி நேரமாவது திறக்காமல் விடுங்கள். ஊர் திரும்பிய பிறகு தோல் உறையில் போட்டு வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.