ஏழு வித்தியாசம் மூன்றானது: ஒய் டிஎன்ஏ கணக்கில் விட்ட பிழை

கொழும்பில் வெள்ளவத்தையில் ஒருவர், கொட்டாஞ்சேனையில் ஒருவர். இருவரும் ஒரே பூட்டன் வழி என்று குடும்பத்தில் பேச்சு. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் டிஎன்ஏவில் இருவரின் 37 குறிகளின் (ஒரு சிறு துண்டு எத்தனை தரம் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணும் இடங்கள்) முடிவுகளை எக்செல்லில் போட்டுக் கழித்தேன்; வித்தியாசம் 7. அவ்வளவு வந்தால் உறவைச் சந்தேகிப்பார்கள். பிழை கூட்டலில்தான் இருந்தது.

டிஒய்எஸ் 389 என்ற குறிக்கு இரண்டு எண்கள் வரும்: ஒருவருக்கு 13, 29; மற்றவருக்கு 14, 30. இரண்டாவது எண்ணுக்குள்ளேயே முதலாவதும் அடக்கம். கழித்துப் பாருங்கள், இருவருக்கும் 16. மாற்றம் ஒன்றுதான், இரண்டல்ல.

ஒய்சிஏ 2 என்ற குறி இரண்டு பிரதிகளாக இருக்கும். அதில் ஒருவருக்கு 19-23, மற்றவருக்கு 23-23. நாலு படி ஏறியதாக எண்ணக்கூடாது. சில வேளை ஒரு பிரதியின் மேல் மற்றது அப்படியே படிந்துவிடும். அது ஒரே நிகழ்வு. மிச்சம் சிடிஒய்யில் 1. அது சும்மாவே மாறிக்கொண்டிருக்கும் குறி, அதை மட்டும் வைத்து யாரையும் தள்ளிவிடாதீர்கள்.

ஆக 3. உறவுக்கு இடமுண்டு, ஆனால் எத்தனையாம் தலைமுறை என்று இது சொல்லாது. எந்தக் கிளையில் மாறியது என்றறிய, பூட்டனின் இன்னொரு மகன் வழி ஆண் ஒருவரைச் சோதிக்க வேண்டும். நம்மவருக்குத் தகப்பன் பெயரே முதலெழுத்து. அதனால் அப்படி ஒருவரைக் குடும்பப்பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. பழைய பிறப்புப் பதிவுகளைத்தான் புரட்ட வேண்டும்.