உரிமையாளர் கேட்டாலும் முன்பதிவை நீங்கள் ரத்துசெய்ய வேண்டாம்

விடுமுறைக்குப் பதிவுசெய்த வீடு கிடைக்காது, நீங்களே செயலியில் ரத்துசெய்துவிடுங்கள் என்று உரிமையாளர் கடைசி நேரத்தில் தொலைபேசியில் சொன்னால், ரத்துப் பொத்தானைத் தொடாமல், அவர் சொன்னதைச் செயலியின் செய்திப் பகுதியிலேயே எழுதும்படி கேளுங்கள். விருந்தினர் ரத்துசெய்தால், அந்த வீட்டுக்குரிய ரத்து விதிப்படி, பயண நாள் நெருங்கிவிட்ட நிலையில் பெரும்பகுதிப் பணம் போய்விடக்கூடும். உரிமையாளர் ரத்துசெய்தாலோ, ஏர்பிஎன்பி என்ற வீட்டு முன்பதிவுத் தளத்தில் முழுத் தொகையும் திரும்பக் கிடைப்பதுடன், தங்கும் நாளுக்கு முந்தைய 30 நாள்களுக்குள் அது நடந்தால் மாற்று வீடு தேடவும் அந்தத் தளம் உதவுகிறது. ரத்துசெய்யும் உரிமையாளருக்கு அங்கே அபராதம் உண்டு என்பதால்தான் சிலர் அந்த வேலையை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். போய்ச் சேர்ந்த பின் தண்ணீர் வரவில்லை, படத்தில் காட்டிய வீடே அல்ல என்று தெரியவந்தால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே காணொளி எடுத்து, குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஏர்பிஎன்பியிடம் முறையிட வேண்டும்.

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ தரகரிடம் பேசி, நேரடியாக முன்பணம் அனுப்பிப் பிடித்த வீட்டுக்கு இவை பொருந்தமாட்டா. அங்கே வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிய ஒப்புதலும் பணம் அனுப்பியதற்கான பதிவும் மட்டுமே உங்கள் பக்கம் இருக்கும்.