கஞ்சிலில் டர்போ இன்ஜின்: வயரிங்கை 11 வயரில் முடிப்பது எப்படி?

பெரோடுவா கஞ்சில் காடியில் டர்போ இன்ஜின் ஏற்ற ஸ்பேனர் வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். காடியை மாதக்கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில் முடக்கிப் போடுவது வயரிங்தான். டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுப் பழைய வயரையும் புது வயரையும் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினால் ஐம்பது ஒட்டு விழும். அதில் ஒன்று மழை நாளில் பச்சை பூத்தால் எதுவென்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்த முறையில் பாடி வயரிங்கில் கத்தரி படாது. ஹாஃப் கட்டின் (பழைய காடியைப் பாதியாக வெட்டி இன்ஜினோடு விற்கும் முன்பாகம்) இன்ஜின் வயரிங்கைத் தனியாகப் பிரித்து, 11 வயரால் மட்டும் பாடியோடு சேர்க்கிறோம். உதாரணத்துக்கு கார்பரேட்டர் வைத்த மேனுவல் கஞ்சில், 659 சிசி இ.எஃப்-டி.இ.டி டர்போ இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். புரோட்டோன் வீராவில் 4ஜி93 ஏற்றினாலும் முறை இதேதான்.

வாங்கும்போது

கெப்போங், சுங்கை பூலோ பக்கம் ஹாஃப் கட் விற்கும் பொத்தோங் கடைக்குப் போனால், இன்ஜினை இறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஃபயர்வால் (இன்ஜினுக்கும் காடியின் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவர்) பக்கம் வயரை வெட்டக்கூடாது. அவசரத்தில் அங்கேதான் வெட்டுவார்கள். இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), இன்ஜின் ஃபியூஸ் பெட்டி, ரிலேக்கள், மீட்டர் பின்பக்க சொக்கெட் எல்லாம் அதே காடியிலிருந்து வரவேண்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத மின் பூட்டு) இருந்தால் சாவியும் அதன் பெட்டியும் சேர்த்துதான். இசியு மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். அந்த எண்ணுக்குரிய வயரிங் படம் கையில் இல்லாமல் அடுத்த வேலையைத் தொடாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கிரானில் (காடியின் பதிவுச் சான்றில்) இன்ஜின் எண் மாறவேண்டும். அதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மல்டிமீட்டர், ராட்செட் கிரிம்பர் (வயர் முனையை நசுக்கி இணைக்கும் கருவி), உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி வயரைப் பிடிக்கும் குழாய்), 0.5, 0.85, 2 சதுர மி.மீ. வயர் வேண்டும். எல்லாம் ஜாலான் பாசாரில் கிடைக்கும். வீட்டுக்குப் பயன்படுத்தும் கறுப்பு பிவிசி டேப் வேண்டாம். இன்ஜின் சூட்டில் அதன் பசை உருகி வழியும்.

பிரிப்பது

இன்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றும் முன்பே ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். பிறகு வயரிங்கை ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, ஆணி அடித்து நிறுத்தி, பழைய டேப்பை உரியுங்கள். வயரிங் படத்தில் நிறத்துக்கு எழுத்துக் குறி இருக்கும். முதல் எழுத்து வயரின் நிறம், இரண்டாவது அதன் மேல் ஓடும் கோடு. கறுப்பில் வெள்ளைக் கோடும் வெள்ளையில் கறுப்புக் கோடும் வேறு வேறு வயர். அழுக்கு ஏறினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து இரு முனையையும் தொட்டு உறுதி செய்யுங்கள்.

ஹெட்லைட், ஹார்ன், ஏபிஎஸ் வயர்களை எடுத்துவிடலாம். ஹாஃப் கட் ஆட்டோ கியராக இருந்தால் அந்த வயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹாஃப் கட்டின் ஸ்டார்ட்டர் வயரையே பயன்படுத்தினால், அது நியூட்ரல் ஸ்விட்ச் வழியாகப் போய்வரும். ஸ்விட்சோடு அதையும் வெட்டிவிட்டால் சாவி திருப்பினாலும் ஸ்டார்ட்டர் அசையாது. அந்த இரண்டு தடித்த வயரை மட்டும் ஒன்றாக இணையுங்கள். அதன் பிறகு கியரில் இருந்தாலும் காடி ஸ்டார்ட் ஆகும், ஜாக்கிரதை.

வயரிங்கின் நடுவே பல வயர்கள் ஒரே இடத்தில் கிரிம்ப் ஆகியிருக்கும் முடிச்சுகளில் கை வைக்காதீர்கள். சென்சார்களின் 5 வோல்ட்டும் சென்சார் எர்த்தும் அங்கேதான் பிரிகின்றன. சென்சார் எர்த்தை பாடியில் திருகிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அது இசியுவுக்கு மட்டுமே போகவேண்டும்; பாடியில் பட்டால் இன்ஜெக்டர், காயில் இரைச்சல் எல்லாம் சென்சார் கணக்கில் கலந்துவிடும். கிராங்க் சென்சார், நாக் சென்சார் வயர்களைச் சுற்றியுள்ள ஷீல்டுக்கும் ஒரு முனையில் மட்டும்தான் எர்த்.

11 வயர்கள்

தடித்தவை இரண்டு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக மெயின் ரிலேக்கும் இசியு நினைவுக்கும் வரும் நிரந்தர 12 வோல்ட் ஒன்று, பெட்ரோல் பம்புக்குப் போவது மற்றொன்று. இவை 2 சதுர மி.மீ., தனி இரண்டு முள் சொக்கெட்டில். கார்பரேட்டர் பம்பின் அழுத்தம் இதற்குப் போதாது. இன்ஜெக்‌ஷனுக்கு 2.5 முதல் 3 பார் வேண்டும் என்பதால் பம்பும் ரிட்டர்ன் குழாயும் மாறியாகவேண்டும்.

மெல்லியவை ஒன்பது: சாவி ஆன், ஸ்டார்ட் சிக்னல், சார்ஜ் விளக்கு, ஆயில் விளக்கு, வெப்ப மீட்டர், செக் இன்ஜின் விளக்கு, வேக சிக்னல், ஆர்பிஎம், ஏர்கோன். இவை 12 முள் சொக்கெட்டில் அடங்கும். மீட்டரில் ஆர்பிஎம் இல்லையென்றால் அந்தக் குழி காலியாக இருக்கட்டும். ஏர்கோன் வயரை விட்டுவிட்டால் கம்ப்ரஸர் பிடிக்கும்போது ஐடில் ஏறாமல் இன்ஜின் குலுங்கும். கோலாலம்பூர் வெயிலில் அதை யாரும் விடமாட்டார்கள்.

சாவி ஆன் வயரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ரேடியோவுக்குப் போகும் வயரிலும் 12 வோல்ட் காட்டும், ஆனால் ஸ்டார்ட் செய்யும் நொடியில் அது செத்துவிடும். அறிகுறி இதுதான்: ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது, சாவியை விட்டதும் ஒரு தடவை உறுமி அடங்கும். இன்னொருவரை சாவி திருப்பச் சொல்லி, ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் மின்சாரம் நிற்காத வயரைக் கண்டுபிடியுங்கள்.

சார்ஜ் விளக்கு பல்பு எரிந்து போயிருந்தால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே இருக்கலாம். பல்பை முதலில் பாருங்கள். வெப்ப மீட்டருக்கு கஞ்சிலின் பழைய ஒற்றை வயர் சென்டரையே (மீட்டருக்கு வெப்பத்தைச் சொல்லும் சென்சார்) வையுங்கள். இசியுவின் இரண்டு வயர் சென்சாரில் அதை ஒட்டினால் இரண்டு கணக்கும் பிழைக்கும்.

சுற்றும் முன்

டேப் சுற்றாமலே சோதியுங்கள். ஃபியூஸ்களைக் கழற்றி, பாஸிடிவுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்து ஷார்ட் இல்லை என்று பார்த்தபின் ஒவ்வொன்றாகப் போடுங்கள். சாவி ஆனில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் இசியு விழித்துவிட்டது. அடுத்து, சென்சார் பிளக்கில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகடிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் போதவில்லை. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் திருகுங்கள்.

எல்லாம் சரியென்றால், இன்ஜின் பக்கம் வெப்பம் தாங்கும் துணி டேப், உள்ளே சாதாரணத் துணி டேப் சுற்றுங்கள். ஃபயர்வால் ஓட்டைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். ஓட்டைக்குள் நுழையும் முன் வயரை ஒரு தடவை கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், இசியுவுக்குப் போகாது.