பழைய தமிழ் சமையல் புக் சேர்க்கணுமா? முதல்ல அதோட வயசு பார்க்கத் தெரிஞ்சுக்கோங்க

பழைய சமையல் புக், வீட்டு வைத்தியம், குடும்ப நிர்வாகம் இந்த மாதிரி புக்ஸ்ல நிறையவற்றுக்கு முதல் பக்கமே இருக்காது, அடுப்படியிலயே கிடந்து எண்ணெய் பட்டு கிழிஞ்சிருக்கும், கடைக்காரர் நூறு வருஷத்து சரக்குன்னு சொல்லி விலையை ஏத்துவார். அதனால வயசு நாமதான் கண்டுபிடிக்கணும்.

முதல்ல விலையைத் தேடுங்க. ரூ. 2-8-0ன்னு (ரெண்டு ரூபா எட்டணா) அணா கணக்கு போட்டிருந்தா 1957 ஏப்ரலுக்கு முந்தின அச்சு. ந.பை.ன்னு இருந்தா நயா பைசா காலம், 1957ல இருந்து 64 வரைக்கும்.

விலை இருந்த அட்டை போயிடுச்சா, எழுத்தைப் பாருங்க. இன்னிக்கு நாம எழுதற லை, னை, றா, னா எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு அப்புறம்தான் பரவலாச்சு (பெரியார் பத்திரிகைகள்ல முன்னாடியே உண்டு, சமையல் புக்ல அபூர்வம்). 1950ன்னு சொல்ற புக்ல புது எழுத்து இருந்தா அது மறுபதிப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா பலம், வீசை, ஆழாக்குன்னு பழைய அளவு இருக்கறதை மட்டும் நம்பாதீங்க, பின்னாடி வந்த பதிப்புலயும் அது அப்படியே வரும். மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' முதல்ல வந்தது 1951ல, அதுக்கப்புறம் எத்தனையோ பதிப்பு வந்தாச்சு, அதனால எத்தனாவது பதிப்புங்கற வரியைப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

சித்திரபானு வருஷம்னு மட்டும் போட்டிருந்தா 1882ஆவும் இருக்கலாம், 1942ஆவும் இருக்கலாம், அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வரும்ல, பிரஸ் பேரையும் பேப்பரையும் வச்சுதான் முடிவு பண்ணணும்.

ஓரத்துல பென்சில்ல "புளி குறைக்கவும்", "தீபாவளிக்கு இரண்டு படி"ன்னு யாரோ எழுதி வச்சிருந்தா தயவுசெஞ்சு அழிக்காதீங்க, கடைக்காரர் அதை டேமேஜ்னு சொல்லி குறைச்சே தருவார், எனக்கு அந்த காப்பிதான் முதல்ல வேணும், ஒரு வீடு நிஜமா எப்படி சமைச்சு சாப்பிட்டுச்சுன்னு அதுலதான் இருக்கு. கடைசி பக்க விளம்பரங்களும் அப்படித்தான், பைண்டிங் பண்றப்ப வெட்டிடுவாங்க, முன்னாடியே சொல்லி வைங்க.

கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தையே தின்னுடும். லேமினேஷனும் கூடாது. புதுசா வாங்கினதை மத்த புக்கோட உடனே வைக்காம தனியா ஒரு கவர்ல கொஞ்ச நாள் வச்சு பூச்சி அரிச்ச தூள் உதிருதான்னு பாருங்க, அலமாரியில துணியில கட்டின வசம்பு போடுங்க.