தாயோ தந்தையோ கடும் மனநோயுடன் வாழும் வீட்டில் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களை முன்கூட்டியே கண்டறிதல்

மனநல கிளினிக்குக்கு வருபவரின் கொப்பியில் மருந்தின் அளவு, அடுத்த ஊசித் திகதி, தூக்கம், பசி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அவருடைய வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, இன்று அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற மூன்று விடயங்களையும் அதே கொப்பியில் எழுதிவைப்பதுதான் இந்தப் பணியின் முதற்படி. நோர்வேயில் மனநோய் உள்ள பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றிச் சுகாதாரப் பணியாளர்கள் விசாரித்துக் கவனிக்க வேண்டும் என்பது 2010 முதல் சட்டக் கடமையாகவே இருக்கிறது. நமக்கு அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வேலைசெய்யும் சமூக மனநல உத்தியோகத்தர், உளசமூக உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஆகியோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவ மனவெழுச்சி நோய், கடும் மனச்சோர்வு ஆகியவற்றுடன் வாழும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மனநலச் சிக்கல்கள் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இப்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இளவயதுக்குள் கடும் மனநோய் ஒன்று வரக்கூடும் என்று கணித்தது. அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்: ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு அப்படிக் கடும் மனநோய் வருவதில்லை. பரம்பரை ஒரு காரணம்தான். பெற்றோரின் நோய் திரும்பத் திரும்ப வருவது, வருமானம் நின்றுபோவது, வீட்டில் சண்டை, சாப்பாடும் தூக்கமும் நேரந்தவறுவது, ஊரின் ஏச்சுப் பேச்சு ஆகியவையும் பிள்ளையின் நடத்தையில் தெரியும். பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. மற்றவற்றில் பலவற்றை மாற்ற முடியும். நேரத்துடன் கண்டறிவதன் பயன் அதுவே.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிக்கல் இருப்பதாகத் தெரிந்த பிள்ளையை எங்கே, யாரிடம் அனுப்பப்போகிறீர்கள் என்பது முன்னமே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளோ உங்கள் பகுதிக்கு அருகில் இருக்கலாம். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து பிள்ளையை அங்கே கூட்டிச்செல்வதற்கு ஒரு நாட்கூலியும் பஸ் காசும் போய்விடும். அதையும் கணக்கில் எடுத்து, பெற்றோரின் கிளினிக் நாளிலேயே பிள்ளையையும் பார்க்க ஒழுங்குசெய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். அனுப்ப இடமில்லாமல் படிவம் நிரப்பினால், அந்தக் குடும்பத்துக்குப் புதிதாக ஒரு பயத்தை மட்டுமே கொடுத்தவர்களாவோம்.

அடுத்தது பேசும் விதம். பெற்றோர் மனதில் இருக்கும் பெரிய பயம், பிள்ளையைப் பறித்துச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்பது. அதனால் நேராக நடத்தைச் சிக்கலைப் பற்றிக் கேட்கத் தொடங்காதீர்கள். “உங்களுக்கு வருத்தம் கூடியிருந்த நாட்களில் பிள்ளைகள் எப்படிச் சமாளித்தார்கள் அம்மா?” என்று தொடங்கினால், நோயாளியாக மட்டும் பார்க்கப்பட்டுப் பழகிய ஒருவர் தாயாகப் பேசத் தொடங்குவார். அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் இரகசியமாக வைப்போம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டிவரும் என்பதை முதல் நாளே மென்மையாகச் சொல்லிவிட்டால், பின்னர் துரோகம் செய்ததாக அவர் நினைக்கமாட்டார்.

காலத்தையும் பார்த்தே தெரிவுசெய்ய வேண்டும். தாய் நேற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தால், இன்று எந்தப் பிள்ளையும் அழும், அடம்பிடிக்கும், படுக்கையை நனைக்கும். அந்த வாரத்தில் தேவைப்படுவது பாதுகாப்பும் சோறும் துணையும்தான். வினாக்கொத்தை நிரப்பிப் புள்ளியிடுவதைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் கிழக்கின் குடும்ப அமைப்பு நமக்குப் பெரிய உதவி செய்கிறது. தமிழ்க் குடும்பங்களானாலும் முஸ்லிம் குடும்பங்களானாலும், மணமான பெண் பெரும்பாலும் தாய்வீட்டு வளவிலோ அதற்கு அருகிலோதான் குடியிருக்கிறாள். ஆகவே தாய்க்கு நோய் என்றால் அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ என்றால் உம்மம்மாவும் சாச்சியும் இருப்பார்கள். பிள்ளையை அன்றாடம் பார்க்கிற இவர்களில் ஒருவரை இரண்டாவது தகவலாளராகக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயுள்ள பெற்றோரின் பதிலை ஒதுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. மனச்சோர்வில் இருப்பவருக்குப் பிள்ளையின் குறைகள் பெரிதாகத் தெரியக்கூடும்; சந்தேக எண்ணங்களோடு இருப்பவர் பிள்ளையைப் பற்றித் தவறான நம்பிக்கை கொண்டிருக்கக்கூடும்; குற்ற உணர்வில் இருப்பவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லக்கூடும். இரு பதில்களும் வேறுபட்டால் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், வேறுபாட்டையே குறித்துவையுங்கள். தாய் வெளிநாட்டில் வேலைசெய்து, நோயுள்ள தந்தையோடு பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த இரண்டாவது ஆள் யார் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

கருவியாக நான் பரிந்துரைப்பது பலங்களும் சிரமங்களும் பற்றிய வினாக்கொத்து, எஸ்.டி.கியூ. என்று அழைக்கப்படுவது. ரொபர்ட் குட்மன் என்ற பிரித்தானிய உளமருத்துவர் 1997இல் வெளியிட்ட இதற்குத் தமிழ்ப் படிவமும் உண்டு. தாளில் நிரப்புவதற்குக் கட்டணம் இல்லை. 4 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குப் பெற்றோர் அல்லது பராமரிப்பாளர் ஒரு படிவமும் ஆசிரியர் ஒரு படிவமும் நிரப்பலாம். 11 முதல் 17 வயது வரையான பிள்ளை தானே நிரப்பலாம். 2 முதல் 4 வயதுக்குத் தனிப் படிவம் உண்டு. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம். சொற்களை மாற்றி எழுதக் கூடாது. ஒரு சொல் நம்மூர்ப் பேச்சுக்கு அந்நியமாக இருந்தால் விளக்குங்கள், அதனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொத்தம் 25 கூற்றுகள். உணர்வுச் சிரமம், நடத்தைச் சிரமம், துருதுருப்பும் கவனக்குறைவும், சகபிள்ளைகளோடு உள்ள சிரமம், பிறருக்கு உதவும் இயல்பு என ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து கூற்றுகள். கடந்த ஆறு மாதத்தை நினைத்து, உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று பதில் சொல்ல வேண்டும். அவற்றுக்கு முறையே 0, 1, 2 புள்ளிகள். சொல்வழி கேட்பது, யோசித்துச் செய்வது, தொடங்கியதை முடிப்பது, நல்ல நண்பர் ஒருவர் இருப்பது, மற்றப் பிள்ளைகளுக்குப் பிடித்திருப்பது ஆகிய ஐந்து கூற்றுகளுக்கும் புள்ளியைத் தலைகீழாக இட வேண்டும். கூட்டலில் தவறு நேர்வது அதிகமாக இங்கேதான். முதல் நான்கு பிரிவுகளைக் கூட்டினால் 0 முதல் 40 வரை ஒரு மொத்தம் வரும். உதவும் இயல்பு அதில் சேராது. பெற்றோர் படிவத்தில் 13 வரை இயல்பு, 14 முதல் 16 வரை எல்லைநிலை, 17உம் அதற்கு மேலும் உயர்வு. ஆசிரியர் படிவத்தில் 11 வரை இயல்பு, 12 முதல் 15 வரை எல்லைநிலை, 16உம் அதற்கு மேலும் உயர்வு. பிள்ளை தானே நிரப்பியதில் 15 வரை இயல்பு, 16 முதல் 19 வரை எல்லைநிலை, 20உம் அதற்கு மேலும் உயர்வு. இந்த எல்லைகள் பிரித்தானியப் பிள்ளைகளை வைத்து வகுக்கப்பட்டவை. ஆகவே 16க்கும் 17க்கும் இடையில் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் உள்ள தாக்கப் பகுதியை விட்டுவிடாமல் கேளுங்கள்: சிரமம் எவ்வளவு காலமாக இருக்கிறது, பிள்ளையை வருத்துகிறதா, வீட்டையும் நட்பையும் படிப்பையும் விளையாட்டையும் குழப்புகிறதா என்பவை மொத்தப் புள்ளியைவிடக் கூடுதலாகச் சொல்லும் நேரங்கள் பல.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். தாய்க்கு மனச்சிதைவு நோய். மாதம் ஒருமுறை ஊசி. பத்து வயது மகனைப் பற்றிப் பெரியம்மா நிரப்பியதில் உணர்வு 3, நடத்தை 5, துருதுருப்பு 7, சகபிள்ளைகள் 4, மொத்தம் 19. வகுப்பாசிரியர் நிரப்பியதில் மொத்தம் 8. வீட்டில் உடைக்கிற, எறிகிற, தங்கைக்கு அடிக்கிற பிள்ளை பாடசாலையில் சாதாரணமாக இருக்கிறான். அவனுக்குள் இருக்கும் குறையைத் தேடுவதற்கு முன், வீட்டில் எந்த நேரத்தில், எதற்குப் பின் இது நடக்கிறது என்று கேட்பதே இங்கே பயன் தரும். இரவில் தாய் தூங்காமல் நடப்பதால் அவனும் தூங்குவதில்லை என்று தெரியவந்தால், முதல் மருந்து தாயின் சிகிச்சையைச் சரிசெய்வதுதான்.

அதே வீட்டில் பதின்மூன்று வயது அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு மொத்தம் 7. உதவும் இயல்பில் 10க்கு 10. “தங்கமான பிள்ளை, பெரிய மனுசி மாதிரி” என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பிள்ளையை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். காலையில் சோறாக்குவதும், தம்பி தங்கையை வெளிக்கிடுத்துவதும், அம்மா குளிசையை விழுங்கினாரா அல்லது நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதும் அவள்தான். வினாக்கொத்து அவளைப் பிடிக்காது; அவளுடைய சுமையே நற்குணமாக அதில் பதிவாகும். ஆகவே படிவத்தோடு நான்கு கேள்விகளை நீங்களே சேர்த்துக் கேளுங்கள்: வீட்டில் சமைப்பது யார், அம்மாவுக்கு மருந்து கொடுப்பது யார், கிளினிக்குக்குக் கூடப் போவது யார், நீ கடைசியாக எப்போது விளையாடினாய். பிறகு பாடசாலை வரவுப் பதிவேட்டையும் தாயின் கிளினிக் கொப்பியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாதம் ஒருநாள், ஊசித் திகதியன்றே அவள் பாடசாலைக்கு வராதிருந்தால், எந்தப் புள்ளியும் சொல்லாததை அந்த இரண்டு கொப்பிகளும் சொல்லிவிடும். அடிக்கடி தலையிடி, வயிற்றுவலி என்று வருகிற, வகுப்பில் சத்தமே இல்லாத பிள்ளைகளையும் இப்படியே பாருங்கள். சத்தம் போடுகிற பிள்ளையை ஆசிரியரே உங்களிடம் அனுப்பிவைப்பார்; மௌனமாக இருப்பதை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

ஆசிரியரிடம் படிவம் கொடுக்கும்போது பெற்றோரின் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. “இந்தப் பிள்ளையின் நலனை அறிய, குடும்பத்தின் சம்மதத்துடன் கேட்கிறோம்” என்பது உண்மை, அது போதும். படிவத்தை மூடிய உறையில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக மேசையில் திறந்து கிடந்த ஒரு தாள், மறுநாள் அந்தப் பிள்ளையைப் “பைத்தியத்தின்ட பிள்ளை” என்று வகுப்பில் கூப்பிட வைத்துவிடக்கூடும். தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கும் பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் உடல்நலத்தைப் பார்ப்பார்கள். பிள்ளையின் எடை குறைந்திருப்பதும் பல் பராமரிக்கப்படாதிருப்பதும் வீட்டுநிலையைக் காட்டக்கூடும் என்பதால் அந்தப் பதிவையும் கேட்டுப் பாருங்கள்.

சில நிலைமைகளில் படிவத்தை மடித்து வைத்துவிட வேண்டும். பிள்ளை சாக வேண்டும் என்று பேசினாலோ தன்னைக் காயப்படுத்தியிருந்தாலோ, பெற்றோருக்குக் கேட்கும் குரல்களிலும் அவரது சந்தேகங்களிலும் பிள்ளையின் பெயர் இருந்தாலோ, பிள்ளைக்கு அடியோ பாலியல் துன்புறுத்தலோ நடப்பதாகத் தெரிந்தாலோ, சிறு பிள்ளையைப் பார்க்க வளர்ந்தவர் எவரும் வீட்டில் இல்லாதிருந்தாலோ, அன்றே செயற்பட வேண்டும். பிரசவித்து சில நாட்களுக்குள் தாய் தூக்கமின்றிக் குழம்பிப் பேசத் தொடங்கினால் அதுவும் அதே நாளில் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அவசரம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் கூட்டிச்செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். வீட்டில் உள்ள குளிசைகளும் வயலுக்கு வாங்கிய பூச்சிகொல்லியும் பூட்டிவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

முடிவைச் சொல்லும்போது இது நோய்நிர்ணயம் அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உயர்ந்த புள்ளி, மருத்துவர் ஒருமுறை விரிவாகப் பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே குறிக்கிறது. பிள்ளையின் நல்ல பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் தாய் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளக் காத்திருக்கிறார். குடும்பம் ஏற்கெனவே கோயிலில் நேர்த்தி வைத்திருந்தாலோ ஓதிப் பார்த்திருந்தாலோ அதை மறுத்துப் பேச வேண்டாம். அது அவர்களுக்குத் தைரியம் தருகிறது. பக்கத்தில் மருந்தும் நடக்கட்டும்.

பிள்ளையிடமும் பேச வேண்டும், அதுவும் பெற்றோரின் சம்மதத்தோடு, முடிந்தால் பெற்றோரின் வாயாலேயே. “அம்மாவுக்கு வருத்தம் இருக்கு. அது நீ குழப்படி செய்ததால வரேல்ல. நீ சுகமாக்க வேண்டியதும் இல்ல, டொக்டர்மார் பார்க்கினம். பயமா இருந்தால் பெரியம்மாட்ட ஓடிப்போய்ச் சொல்லு.” இவ்வளவும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அந்தப் பெரியம்மாவின் பெயரையும் அவர் வீட்டுக்கு எப்படிப் போவது என்பதையும் பிள்ளை உங்களுக்குத் திருப்பிச் சொல்லட்டும்.

எல்லைநிலையில் இருக்கும் பிள்ளையை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பாருங்கள். உதவி கிடைக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கடந்த ஒரு மாதத்தை மட்டும் கேட்கும் பின்தொடர் படிவம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இயல்பு என்று வந்த பிள்ளையையும், பெற்றோரின் நோய் திரும்பும்போதும் வீட்டில் இடமாற்றமோ இழப்போ நேரும்போதும் புதிதாகப் பார்க்க வேண்டும். அடுத்த திகதியைத் தனிக் கோப்பில் எழுதினால் அது மறக்கப்படும். தாயின் கிளினிக் கொப்பியில், அடுத்த ஊசித் திகதிக்கு நேர்கீழே, பிள்ளையின் வயதோடு எழுதிவையுங்கள்.